ஒன்பது படி வீட்டுக்கு வந்த சமுத்திரம்

சமுத்திரம் மட்டும் மனது வைத்திருந்தால், ராஜபாளையத்துக்கு மேற்கே நிற்கும் மலையையே ‘கிழக்குப் பார்த்த வாசல், நல்ல காற்றோட்டம், கொல்லைப் பக்கம் கேரளாவுக்கு வழி’ என்று சொல்லி எப்போதோ கைமாற்றி விட்டிருப்பார். மூலப் பத்திரம் கிடைக்கவில்லை. அந்த ஒரே காரணத்தால்தான் மலை இன்னும் அங்கே இருக்கிறது. அப்பேர்ப்பட்ட மனிதர் இப்போது சீனிச்சாமி வீட்டு வாசலில் குத்தவைத்து, இரும்புக் கேட்டின் கீலுக்குச் சொட்டுச் சொட்டாகத் தேங்காய் எண்ணெய் விட்டுக்கொண்டிருக்கிறார்.

“கேட்டு கிரீச்சுன்னு கத்துனா பார்ட்டி அங்கனயே பாதி மனசு விட்டுருவான்” என்கிறார், கேட்காதவர்களுக்கும் சேர்த்து. எண்ணெய் அவருடையது. கீல் வாயை மூடும்வரை அவர் எந்த வீட்டுக்கும் ஆள் கூட்டி வந்ததில்லை.

தொழில், வீட்டு புரோக்கர். அதற்கு முன்னால் இருபது வருஷம் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவே ஓடிய பஸ்ஸில் கண்டக்டர். பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து வருஷம் ஆகிவிட்டது. உடம்பு இன்னும் இறங்கவில்லை. நின்று பேசும்போது ஒரு கை எதையாவது பிடித்துக்கொண்டே இருக்கும். கதவு நிலை, ஜன்னல் கம்பி, ஒன்றும் அகப்படாவிட்டால் வீட்டுக்காரர் தோள். வீடு பார்க்க வந்தவர் போனதும் தீர்ப்புச் சொல்வார்: “இது ஏறாது. புட்போர்டுலயே நிக்கி.” அல்லது, “உள்ள போயி சீட்டுப் பிடிச்சிட்டான். இனி இறக்கிவிட்டாலும் இறங்க மாட்டான்.”

சீனிச்சாமி முதலில் இவரை நினைக்கவில்லை. மிலிட்டரியில் ஹவில்தாராக இருந்து வந்தவர். அவருக்கு நவீனமான ஆள் வேண்டியிருந்தது. வல்லரசு என்ற இளவட்டம் ட்ரோனைப் பறக்கவிட்டு, வீட்டை மேலிருந்து படம் பிடித்து, பாட்டு சேர்த்துப் போனில் அனுப்பினான். அதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிதான் அரண்மனை மாதிரி நின்றது. சீனிச்சாமி வீடு அதன் நிழலில் தீப்பெட்டியாகக் கிடந்தது. மறுநாள் சமுத்திரம் வந்தார். தெருவிலிருந்து வீட்டுக்கு ஒன்பது படி. நின்று நின்று ஏறி வந்தவர் வீட்டைப் பார்க்கவில்லை, சீனிச்சாமியின் மனைவி வெங்கடேஸ்வரியைப் பார்த்தார்.

“ஒம்பது படி. தங்கச்சிக்கு முட்டு வலி இருக்குமே?”

வெங்கடேஸ்வரி அதே நொடியில் முடிவு செய்துவிட்டாள். “இவுகளே பாக்கட்டும்.” இருபத்து நாலு வருஷம் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்த சீனிச்சாமி இதற்கும் கீழ்ப்படிந்தார்.

சமுத்திரத்திடம் ஒரு நாற்பது பக்க நோட்டு உண்டு. புது வீட்டில் நுழைந்ததும் அதைத் திறந்து, அளவெல்லாம் கேட்பதற்கு முன், வீட்டில் இருக்கிற ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார்: “உங்களுக்கு என்ன வேணும்?” சீனிச்சாமி, “ஆடி பொறக்குறதுக்குள்ள முடிக்கணும்” என்றார். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் அவருக்குக் காவல் வேலை. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு சின்ன வீட்டைப் பேசி வைத்திருந்தார். ஆடியில் யாரும் வீட்டுப் பத்திரம் பண்ணமாட்டார்கள், ஆவணிவரை அந்த வீட்டுக்காரர் பொறுக்கமாட்டார். வெங்கடேஸ்வரி, “படி இருக்கப்படாது, அம்புட்டுதான்” என்றாள். இரண்டையும் எழுதிக்கொண்டு சமுத்திரம் நோட்டை மூடிவிட்டார். அந்த வீட்டில் மூன்றாவதாக ஒருத்தி உண்டு. பதினாறு வயது மகள் கார்த்திகா, அவர் காபிக்குப் பால் வாங்கக் கடைக்குப் போயிருந்தாள்.

அவர் முறைகள் தனி. முதல் வேலையாக வீட்டுக்கு வெள்ளையடிக்க வைப்பார். நகராட்சித் தண்ணீர் வருகிற நாளில்தான் பார்ட்டியைக் கூட்டி வருவார். “கொழாயத் திறந்ததும் கொட்டணும். அந்தச் சத்தத்துக்குத்தான் வெல.” அன்றைக்குக் கருவாடு பொரிக்கக் கூடாது. நாயைக் கொல்லையில் கட்டிவிட வேண்டும். வீட்டுக்குள் நின்று ‘விக்கிறது’ என்ற சொல்லைச் சொல்லவே கூடாது. ‘மாத்திவிடுறது’ என்றுதான் சொல்லவேண்டும். “வீட்டுக்குக் காது உண்டு, மிலிட்டரி. சங்கடப்பட்டுச்சுன்னா நமக்குத்தான் கஷ்டம்” என்று குரலைத் தாழ்த்துவார். வந்தவர்களை எடைபோட அவரிடம் ஒரே தராசுதான். “ஆகா, அருமைன்னு சொல்றவன் காபியக் குடிச்சிட்டுப் போயிருவான். செவத்தத் தட்டிப் பாக்கான் பாருங்க, அவன்தான் பத்திர ஆபீசுக்கு வருவான்.”

அந்த வீட்டு நாயின் பெயர் மேஜர். நெட்டையாக, நல்ல வெள்ளை. பிறவியிலேயே காது கேட்காது. ஒரு ஹவில்தார், ஒரு மேஜரை அதட்டிப் பார்க்கக் கிடைத்த ஒரே வாய்ப்பு என்று சீனிச்சாமி அதை வளர்த்தார். ‘உக்காரு’ என்று அவர் கத்த, அது கொட்டாவி விட, எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில் முன் கதவைத் திறந்தால் தெரு, பின் கதவைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மேஜரை வ. புதுப்பட்டியில் இருக்கும் பங்காளியின் தோட்டத்துக்கு அனுப்புவதாக ஏற்பாடு. காது கேட்காத நாய்க்குப் புது இடத்தில் லாரி வருவதும் தெரியாது, பாம்பு சீறுவதும் தெரியாது. இது வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும். யாரும் வாயைத் திறக்கவில்லை. சீனிச்சாமி நாயை அதட்டுவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

கார்த்திகா பிளஸ் ஒன் பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். விட்டது அவள் என்பது அவள் கட்சி. பள்ளிக்கூடத்தில் கேட்டால் வேறு மாதிரி சொல்வார்கள். அவளுக்கு வாயால் எல்லாச் சத்தமும் வரும். பக்கத்து வீட்டுக் குக்கர் மாதிரி மூன்று விசில் விட்டு, அவர்கள் அடுப்பை அணைத்துச் சோறு வேகாமல் போன நாட்கள் உண்டு. ஆனால் அவளுடைய தலைசிறந்த சரக்கு, பல்லி. நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தால் போதும், அசல் பல்லி இரண்டு நின்று திரும்பிப் பார்க்கும்.

பேச்சுக்கு நடுவே பல்லி சொன்னால் அந்தப் பேச்சு பலிக்கும் என்பது யாருக்குத்தான் தெரியாது?

முதல் பார்ட்டி ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். எல்லாம் பிடித்திருந்தது. “இந்தத் தென்கிழக்கு மூலைதான் லேசா உறுத்துது” என்றார் வாத்தியார். அடுப்படித் திரைக்குப் பின்னாலிருந்து, ச்சக், ச்சக், ச்சக். அந்த அம்மாள் குனிந்து தரையை மூன்று தட்டு தட்டிவிட்டு எழுந்தாள். காபி பாதியில் நின்றது. இரண்டாவதாக வந்தவர் பேங்க்கில் வேலை பார்ப்பவர். “மழைக்கு ஒழுகுமோ?” என்று கேட்டுத் தொலைத்தார். ச்சக், ச்சக். அவரும் போனார்.

மூன்றாவது பார்ட்டி தளவாய்புரத்தில் நைட்டி கம்பெனி வைத்திருப்பவர். அரைமணி நேரம் சுவர் சுவராகத் தட்டினார். சமுத்திரம் ஜன்னல் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளுக்குள் ஆடிக்கொண்டிருந்தார். “செவரு ஈரம் இழுக்குமோ அண்ணாச்சி?” என்றார் நைட்டிக்காரர். ச்சக்.

“சொல்லுது பாத்தீகளா?” நைட்டிக்காரர் தரையைத் தட்டினார். “செத்த நாள் போகட்டும். யோசிச்சுச் சொல்லுதேன்.”

எல்லாரும் அண்ணாந்து டியூப்லைட்டைப் பார்த்தபோது சமுத்திரம் மட்டும் பார்க்கவில்லை. நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

ஆனி முடிய ஒன்பது நாள் இருந்தது. அன்று சாயங்காலம் கடைக்குப் போய் வந்த வெங்கடேஸ்வரி நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். கார்த்திகா இறங்கிப் போய்ப் பையை வாங்கிக்கொண்டாள். “இன்னும் அஞ்சுதான்மா.”

“அஞ்சா? ஏட்டி, அஞ்சு உனக்கு. எனக்கு அம்பது” என்று வெங்கடேஸ்வரி சிரித்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அந்த ராத்திரி கார்த்திகா தன் சோற்றை மேஜருக்கு வைத்துவிட்டாள். வீடு போனால் மேஜர் போகிறான். வீடு போகாவிட்டால் அம்மாவுக்கு ஒன்பது படி.

மறுநாள் காலையில் தண்ணீர் வரும் நாள்கூட இல்லை. இருந்தும் கேட் சத்தமில்லாமல் திறந்தது. சீனிச்சாமி வேலைக்குப் போயிருந்தார். வெங்கடேஸ்வரி கீழே படியில் உட்கார்ந்து கீரைக்காரியிடம் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். “வாங்கய்யா, வாங்க. படி பாத்து” என்ற சமுத்திரத்தின் குரல் கூடத்துக்கு வந்தது. கார்த்திகா திரைக்குப் பின்னால் ஒதுங்கினாள். பழக்கம் காலைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

“உக்காருங்க. ஃபேனு போடட்டா?”

“இருக்கட்டும், இருக்கட்டும்” என்றது ஒரு கனத்த குரல். தொண்டையில் சளி கட்டியவர் போல. பிறகு சுவரைத் தட்டும் சத்தம். “வீடு பரவால்ல. ஆனா பாருங்க, இந்த நெலக்கதவுல செல்லு அரிச்சிருக்குமோன்னு…”

கார்த்திகா கண்ணை மூடிக்கொண்டாள். ச்சக், ச்சக்.

தரையைத் தட்டும் சத்தம் வரவில்லை.

“ஏட்டி பல்லி” என்றார் சமுத்திரம், தன் சொந்தக் குரலில். “பார்ட்டி யாரும் வரல. நான் ஒத்தையிலதான் நிக்கேன்.”

திரைக்குக் கீழே தெரிந்த பாதங்கள் பின்னால் நகர்ந்தன.

“வெள்ளையடிச்சு பதினோரு நாளாச்சு. அந்த வாடைக்கு இருந்த பல்லி எல்லாம் பக்கத்து வீட்டுக்குக் குடி போயிருச்சு. நேத்து ஸ்டூலைப் போட்டு ஏறி டியூப்லைட்டுக்குப் பொறத்தால பாத்துட்டேன். ஒண்ணு கூட இல்ல.” நாற்காலி இழுபடும் சத்தம். நோட்டுத் தாள் புரளும் சத்தம். “மொத நாளு மிலிட்டரியக் கேட்டேன். ஆடிக்கு முன்னாடின்னாவ. தங்கச்சியக் கேட்டேன். படி இருக்கப்படாதுன்னாவ. மூணாவது ஆளக் கேக்கவே இல்ல. இருபது வருஷம் பை மாட்டுனவன், வண்டிக்குள்ள ஒரு ஆளுக்கு டிக்கெட் போடாம விட்டுட்டேன். தப்பு எம்மேலதான்.”

அவர் கொஞ்சம் இருமிக்கொண்டார். வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் பேசினார்; திரைப் பக்கம் திரும்பவில்லை.

“இப்பக் கேக்கேன். இந்த வீட்ட மாத்திவிடக் கூடாதா?”

பல்லி சொல்லவில்லை.

“அம்மா இந்தப் படியிலயே ஏறி இறங்கட்டுமா?”

அடுப்படியில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பல்லி மூக்கை உறிஞ்சுமா என்று சமுத்திரம் கேட்கவில்லை.

பார்ட்டி இல்லாத நாள் என்பதால் மேஜரை யாரும் கட்டவில்லை. கூடத்தின் நடுவே நாலு காலையும் நீட்டித் தூங்கிக்கொண்டிருந்தான். சமுத்திரம் அவனைப் பார்த்தார். கொல்லையில் கட்டச் சொல்லிக் கட்டச் சொல்லி, அவனை இத்தனை பக்கத்தில் அவர் பார்த்ததே இல்லை. பங்காளி தோட்டத்துக்கு அனுப்பப்போகிற நாய் என்று சீனிச்சாமி என்றைக்கோ சொன்னது ஞாபகம் வந்தது.

“நைட்டிக்காரர் இன்னும் புட்போர்டுலதான் நிக்காரு. செவத்தத் தட்டுன ஆளு, உள்ள ஏத்திருவேன். வில்லிபுத்தூர்ல எங்கிட்ட இன்னும் ரெண்டு வீடு இருக்கு. படி கெடையாது. செத்த தள்ளி இருக்கும், ஆனா பொறத்தால மண்ணுக் கொல்ல உண்டு.” மேஜர் பக்கம் கையைக் காட்டினார். “இவனுக்குத்தானே?”

கார்த்திகாவுக்கு நாக்கு உலர்ந்துபோயிருந்தது. இரண்டு முறை முயன்றாள், வரவில்லை. மூன்றாவது தடவை வந்தது. ஒன்றே ஒன்று, சின்னதாக, ஈரமில்லாமல்.

ச்சக்.

சமுத்திரம் பேனாவைத் திறந்து, முதல் நாள் எழுதிய இரண்டு வரிக்குக் கீழே மூன்றாவது வரியை எழுதினார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கி, மேஜரின் காதுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, விரலை மடக்கி மூன்று தட்டு தட்டினார். தரை அதிர்ந்ததில், காது கேட்காத மேஜர் தலையைத் தூக்கினான்.