சுப்பு மாமியின் கெமிஸ்ட்ரிப் பரீட்சை

கரமனையில் சுப்புலக்ஷ்மி மாமி வீட்டில் நான் பதினோரு வருஷம் வேலை பார்த்தேன். பாத்திரம் தேய்ப்பது, பெருக்கித் துடைப்பது, துணி துவைப்பது. பணகுடிப் பக்கத்திலிருந்து மலையாளக் கரைக்குப் பிழைக்க வந்தவள் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் நான் அங்கே இருப்பதையே பலர் மறந்துவிடுவார்கள். மறந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்று நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மாமி கோட்டைக்குள், கோயிலைச் சுற்றிய தெருவில் பிறந்தவர். பள்ளிக்கூடம் முடித்து, பிரீடிகிரி இரண்டு வருஷமும் சரித்திரம் எடுத்துப் படித்தார். இருபது வயதில் கல்யாணமாகி அக்ரகாரத்து வீட்டுக்கு வந்தார். குழந்தை இல்லை. அதைப் பற்றிச் சொல்ல வேண்டியதையெல்லாம் தெரு முன்பே சொல்லி முடித்துவிட்டது. வீட்டில் மூன்று பேர்: மாமி, கம்பெனி வேலைக்குப் போகும் புருஷன் அனந்த், மாமனார் நாகேஸ்வரன். பெரியவர் சர்க்கார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். குரல் உயர்த்தியே பேசமாட்டார். நெற்றி நிறைய விபூதி. தெருவில் அவருக்கு எழுந்து நிற்காதவர்கள் கிடையாது.

இரண்டாயிரத்து ஒன்றில் பெரியவருக்கு மூத்திரக்குழாயில் ஒரு ஆபரேஷன் நடந்தது. அதற்குப் பிறகு அவரால் அடக்க முடியாமல் போயிற்று. தினமும் காலையில் அவருடைய வேஷ்டியும் விரிப்பும் ஒரு பச்சை வாளியில் கிடக்கும். மாமி நனைத்து வைப்பார், நான் துவைப்பேன். இரண்டு வருஷமாக ஒரு நாள்கூட அந்த வாளியைப் பார்த்து மாமி முகம் சுளித்ததில்லை.

இரண்டாயிரத்து மூன்றில் மாமிக்கு முப்பத்துநாலு வயது. பேப்பரில் ஒரு விளம்பரம் பார்த்தார். ரத்தப் பரிசோதனை செய்யும் லேப் டெக்னீஷியன் படிப்பு, தம்பானூர்ப் பக்கம் ஒரு தனியார் நிறுவனத்தில். கெமிஸ்ட்ரி படிக்காதவர்கள், காலேஜ் ஆரம்பக் கெமிஸ்ட்ரிப் பாடம் ஒன்றைப் படித்துப் பாஸ் செய்து வந்தால் போதும். இன்டர்நெட் வழியாகப் படித்தாலும் ஏற்றுக்கொள்வார்கள். முப்பத்தைந்து வயது ஆகிவிட்டால் சேர்க்கமாட்டார்கள். அந்த ஜூனை விட்டால் மாமிக்கு வேறு ஜூன் கிடையாது.

காலைக் காப்பியின்போது மாமி விஷயத்தைச் சொன்னார். பெரியவர் டவராவில் காப்பியை ஆற்றிக்கொண்டே மெல்லச் சொன்னார்:

"கண்டவா ரத்தத்தையும் மூத்திரத்தையும் தொட்டு அளையற வேலை நம்மாத்துப் பொண்களுக்கு வேண்டாம், கேட்டோ."

அப்போது நான் அவருடைய பச்சை வாளியைத் தூக்கிக்கொண்டு கூடத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, வாளியையும் பார்க்கவில்லை. என் கோபம் அன்றைக்கு ஆரம்பித்தது. இன்னும் அடங்கவில்லை.

அனந்த் நடுவில் புகுந்து, வீட்டில் இருந்தபடியேதானே படிக்கப்போகிறாள், பாஸானால் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் ஆபீஸில் கழித்துக்கட்டிய பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஏற்கெனவே கூடத்தில் இருந்தது. கரமனை ஜங்ஷனில் இருந்த இன்டர்நெட் கடைக்கு மட்டும் போகக்கூடாது என்று பெரியவர் சொல்லிவிட்டார். அங்கே ஒவ்வொருத்தனும் தட்டி மறைவில் உட்கார்ந்து என்ன பார்க்கிறான் என்று யாருக்குத் தெரியும் என்றார்.

பெங்களூரில் ஏதோ ஒரு நிறுவனம் நடத்திய பாடம் அது. எல்லாம் இங்கிலீஷ். ஒரு பக்கம் திரையில் முழுதாக இறங்குவதற்குள் நான் கூடத்தில் பாதியைத் துடைத்துவிடுவேன். இறங்கியதும் மாமி லைனைத் துண்டித்துவிட்டு, திரையில் இருப்பதை நோட்டில் கையால் எழுதிக்கொள்வார். குக்கர் சத்தம் போடும்போது உள்ளே ஓடுவார், திரும்பி வந்து எழுதுவார். அரிசி களையும்போது உதடு மட்டும் அசையும். ஸ்லோகம் சொல்கிறார் என்று நினைத்தேன். சோடியம், பொட்டாசியம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பாடத்தில் வீட்டுச் சாமான்களை வைத்தே சோதனை செய்து எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எது அமிலம், எது காரம் என்று நிறம் மாறுவதை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஊதா நிற முட்டைக்கோஸ் வேண்டுமாம். சாலைக் கடைத்தெரு முழுக்க நான் கேட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மாமி கொஞ்சம் யோசித்துவிட்டு மஞ்சளைக் கரைத்து, வெள்ளைத் தாளில் தடவிக் காயவைத்துச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டினார். எலுமிச்சைச் சாற்றில் தோய்த்தபோது மஞ்சள் அப்படியே இருந்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் சிவந்தது. அப்பளக்காரத்தில் கொஞ்சம் சிவந்தது. துணி சோப்பிலும் சிவந்தது.

பின்கட்டில் பச்சை வாளி இருந்தது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை.

"அதிலயும் ஒண்ணு முக்கிப் பாப்பமா மாமி?"

மாமி என்னைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. தாளை முக்கினோம். சிவந்தது. மூத்திரம் கிடக்கக் கிடக்க அதில் அம்மோனியா உண்டாகும், அதுதான் இந்த வாடை, அதுதான் இந்தச் சிவப்பு என்று மாமி விளக்கினார். இரண்டு வருஷமாக என் விரலில் ஏறிய வாடைக்கு ஒரு பெயர் இருந்தது. அறிக்கையில் 'வீட்டுப் பொருள் எண் ஐந்து' என்று எழுதி அனுப்பினார். பத்துக்கு ஒன்பது மார்க் வந்தது.

இப்போது போனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் ஒரே லைன். கூடத்தில் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் ஒரு போன். பெரியவர் ஆபரேஷன் முடிந்து படுத்திருந்தபோது அவர் அறைக்கு இழுத்துக் கொடுத்த இன்னொரு போன். இன்டர்நெட்டுக்குக் கம்ப்யூட்டர் அந்த லைனில்தான் கூப்பிட வேண்டும். கீச்சுக்கீச்சென்று கத்தி, இரைந்து, பிறகு அமைதியாகும். அதன்பின் வீட்டில் யாராவது ஒரு ரிசீவரைத் தூக்கினால் போதும், தொடர்பு அறுந்துவிடும். மாமி இதை முதல் நாளே எல்லோருக்கும் சொல்லியிருந்தார்.

ஆனாலும் ஒவ்வொரு பாடத்தின் முடிவிலும் வைக்கிற சின்னத் தேர்வு பாதியில் அறும். மழை என்றார் அனந்த். லைன்மேன் வந்து பார்த்துவிட்டு லைனில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

கடைசிப் பரீட்சை மே மாத முடிவில் வந்தது. காலை பதினொன்று முதல் ஒன்று வரை, ஐம்பது கேள்வி. நடுவில் தொடர்பு போனால் பரீட்சை மூடிக்கொள்ளும். நான் நடையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பெரியவர் அறைக்கதவு ஒருக்களித்திருந்தது. அவர் கட்டிலில் உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். ரிசீவரை எடுத்தார். காதில் வைக்கவில்லை. எண்ணைச் சுழற்றவில்லை. நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு சத்தம் வராமல் திருப்பி வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை விரித்தார்.

கூடத்தில் நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"என்னாச்சு சுப்பு? கரண்ட் போயிடுத்தா?" என்று பெரியவர் உள்ளேயிருந்து கேட்டார். குரலில் அவ்வளவு அக்கறை.

துடைக்கும் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே குந்தியிருந்தேன். கதவைத் தள்ளி உள்ளே போய் அவர் முகத்துக்கு நேராக நாலு வார்த்தை கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அடுத்த மூன்று நாளும் என்மேலேயே எனக்கு எரிச்சலாக இருந்தது. நாலாம் நாள் பின்கட்டுக் குழாயடியில் மாமியிடம் சொன்னேன்.

"மாமி, அது லைன் இல்லே. பெரிய சாமி போனை எடுத்ததாக்கும். என் கண்ணால கண்டேன்."

"தெரியும் பேச்சி," என்றார் மாமி. "அவர் தூங்கற நாள்ல மட்டும் அறாது. தேதி போட்டு நோட்டுல எழுதி வெச்சிருக்கேன்."

அனந்திடமும் சொல்லியாயிற்றாம். அப்பா வேண்டுமென்றா செய்வார் என்று அவர் கேட்டாராம். நோட்டைக் காட்டப் போனபோது, என்ன இது, அப்பாவையே வேவு பார்க்கிறாயா என்றாராம். அதன்பின் மாமி நோட்டை மூடி வைத்துவிட்டார். இதைச் சொல்லிவிட்டு, பெரியவருக்குப் பதினொரு மணி மோர் கரைக்க உள்ளே போனார். அந்தக் கணத்தில் எனக்கு மாமி மீதும் கோபம் வந்தது. அந்த மோரில் கொஞ்சம் அப்பளக்காரமாவது போட்டிருக்கக்கூடாதா என்று நினைத்தேன்.

மாமி பெங்களூருக்கு எழுதிக் கேட்டார். ஜூன் மூன்றாம் வாரம் ஒரு வியாழக்கிழமை, இன்னும் ஒரே ஒரு வாய்ப்பு என்று பதில் வந்தது. அதுவும் அறுந்தால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் மாமிக்கு வயது தாண்டிவிடும்.

அன்று காலை மாமி எல்லோர் முன்னாலும் சொன்னார்: பதினொன்றிலிருந்து ஒன்று வரை யாரும் போனை எடுக்கக்கூடாது. நான் ஏன் எடுக்கப்போறேன் என்று பெரியவர் சிரித்தார். அனந்த் ஆபீஸ் போனார். பத்தரைக்குப் பெரியவர் குளிக்கப் போனார்.

அந்த அறையைப் பெருக்குவது நான்தான். கட்டிலுக்குப் பின்னால் சுவரில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. போன் வயரின் நுனி அதில் செருகியிருக்கும். நுனியில் நகம் போல ஒரு நாக்கு. அதை அமுக்கி இழுத்தால் வந்துவிடும். லைன்மேன் இழுத்ததைப் பார்த்திருந்தேன். அமுக்கினேன், இழுத்தேன், வயரைக் கட்டில் காலோடு ஒட்டிவைத்தேன். மாமியிடம் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

துடைக்கும் வாளியோடு நான் அவர் அறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த நடையில் இருந்தேன். பதினொன்றரைக்குப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றினார். ரிசீவரை எடுத்து நெஞ்சோடு பிடித்தார், வைத்தார், காத்திருந்தார். கூடத்தில் நாற்காலி அசையவில்லை. மாமி பொத்தானைத் தட்டும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. மறுபடி எடுத்தார். இந்தத் தடவை காதில் வைத்தார். ரிசீவர் வைக்கும் இடத்துக் கட்டையை இரண்டு மூன்று தடவை தட்டிப் பார்த்தார். பிறகு எழுந்தார்.

கூடத்து மேஜையில் இன்னொரு போன் இருக்கிறது. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. வாளித் தண்ணீர் முழுவதையும் நடையில் கொட்டினேன்.

பெரியவர் அறை வாசற்படியில் வந்து நின்றார். "என்னடி இது, குளமாட்டம்? நான் கூடத்துக்குப் போகணும்."

"தரை நனஞ்சு கெடக்கு சாமி. வழுக்கும். காயட்டு."

"எப்போ காயும்?"

"ஒரு மணி ஆவும்."

அத்தனை வருஷத்தில் அன்றுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை. என் போன் வேலை செய்யவில்லை என்று அவர் ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போட்டால், இந்த நேரத்தில் போனை ஏன் எடுத்தீர்கள் என்ற கேள்வி வரும். ஆபரேஷன் ஆன உடம்பு, ஈரத்தில் கால் வைக்கவும் பயம். நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டார். நான் ஈரம் காயவிடாமல் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு மணிக்குத் திரையிலேயே மார்க் வந்தது. நூற்றுக்கு அறுபது எடுத்தால் பாஸ், மாமி எழுபத்துநாலு. இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பெரியவர் சாப்பிட உட்கார்ந்ததும் நான் போய் வயரைச் செருகிவிட்டு வந்தேன்.

தெருவில் செய்தி பரவியது. வந்தவர்களிடமெல்லாம் பெரியவர், கம்ப்யூட்டருக்குக் கனெக்ஷன் எடுக்கச் சொன்னதே நான்தான், இந்தக் காலத்தில் பெண்கள் படிக்க வேண்டாமா என்றார். இப்படி ஒரு மாமனார் வாய்க்க வேண்டுமே என்று எதிர்வீட்டு மாமி சொன்னார். சுப்பு மாமி எல்லோருக்கும் பாயசம் கொடுத்தார். பாயசம் வைத்த உருளியைப் பின்கட்டில் போட்டு, கை எரியும் வரை தேய்த்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வீட்டில் இருந்தார்கள். நான் கூடத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். பெரியவர் மகனிடம், இந்தப் பேச்சியை நிறுத்திவிடு என்றார். ஏன் என்று கேட்டார் அனந்த்.

"என் ரூம்ல போன் வயரைப் பிடுங்கி விட்டிருக்கா."

"நன்னாத்தானே இருக்குப்பா. காலம்பற அதுலதானே பேசினேன்."

"இன்னிக்கு இல்லேடா. சுப்பு பரீட்சை அன்னிக்கு. பதினொண்ணரைக்கு எடுத்துப் பாக்கறேன், ஊமையாக் கெடக்கு."

சொல்லி முடித்த பிறகுதான் தாம் சொன்னது அவர் காதில் விழுந்தது. மாமி காப்பியோடு வந்து நின்றிருந்தார்.

"பதினொண்ணரைக்கு யாருக்குப் போன் பண்ணப் பாத்தேள் அப்பா?"

பெரியவர் ஏதோ ஞாபக மறதி என்று முனகினார்.

"மே மாசமும் மறந்துபோச்சோ?" மாமி டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். நோட்டை எடுத்து வந்து அனந்தின் மடியில் போட்டார். அனந்த் ஒரு பக்கம் பார்த்தார், இன்னொரு பக்கம் பார்த்தார். எல்லாம் புரிந்தது என்று முகம் சொல்லிற்று. நோட்டை மூடினார்.

"சரி, விடு சுப்பு. நீதான் பாஸ் பண்ணிட்டியே."

பெரியவர் செய்ததைவிட இந்த வார்த்தை எனக்கு அதிகமாகச் சுட்டது. மாமி நோட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நான் விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டு வெளியே போனேன்.

என்னை அவர்கள் நிறுத்தவில்லை. நிறுத்தினால் தெருவுக்குக் காரணம் சொல்ல வேண்டும்.

ஜூலை முதல் திங்கட்கிழமை மாமிக்கு வகுப்பு ஆரம்பம். எட்டு மணிக்குப் பஸ்ஸைப் பிடிக்க ஓடினார். பின்கட்டில் பச்சை வாளி நனைக்காமல் அப்படியே இருந்தது. நான் வழக்கம்போல மற்ற துணியையெல்லாம் துவைத்தேன், பாத்திரங்களைக் கவிழ்த்தேன், கையைக் கழுவினேன். அனந்த் ஆபீஸ் சட்டை போட்டுக்கொண்டு பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"பேச்சி, அப்பா துணி..."

வாளியைத் தூக்கி அவர் காலடியில் வைத்தேன்.

"சோப்பு மாடத்துல இருக்கு சாமி," என்றேன்.