ஊதிவிட்டு உள்ளே வாங்க

என் தொழிலுக்கு முதலீடு ஒன்றே ஒன்றுதான்: சளி பிடிக்காத மூக்கு. மரக்காணத்துக்குப் பக்கத்தில், உப்பளத்தைப் பார்த்தபடி இருக்கும் ஒரு வீட்டுக்கு நான் வார்டன். ஆஸ்பத்திரியில் சிகிச்சை முடித்துக் குடியை விட்டுவிட்டு, ஆனால் நேராக வீட்டுக்குப் போகப் பயப்படும் ஆண்கள் சில மாதம் இங்கே தங்குவார்கள். பகலில் வேலைக்குப் போகலாம். சாயங்காலம் திரும்பும்போது வாசலில் என் முன்னால் வாயை ஊதிக் காட்ட வேண்டும். முன்பு நர்ஸாக இருந்ததால் எல்லாருக்கும் நான் சிஸ்டர். வீட்டில் ஒரு குடிகாரரை வைத்துக்கொண்டு அல்லாடியவர்களே, உங்களுக்குத் தெரியாத எதையும் நான் சொல்லப்போவதில்லை. சேர்ந்து சிரிக்கத்தான் கூப்பிடுகிறேன்.

பூண்டு

அந்தோணி கடலுக்குப் போகிறவர். ஒரு சாயங்காலம் அவர் வந்ததும் பூண்டு வாடை தூக்கியடித்தது. பச்சைப் பூண்டு தின்றுவிட்டு வந்தால் எதையோ மறைக்கிறார் என்றுதானே அர்த்தம்? ஊதச் சொன்னேன். மறுபடியும் ஊதச் சொன்னேன். அவர் மீசை உரசும் அளவுக்கு மூக்கைக் கொண்டுபோய் மோந்து பார்த்தேன். பூண்டைத் தவிர ஒன்றுமில்லை. வாயுத் தொல்லைக்கு யாரோ சொன்ன வைத்தியமாம். மனிதர் நெளிந்துகொண்டே சொன்னார்: "கல்யாணம் ஆன புதுசுல என் பொண்டாட்டிகூட இவ்ளோ கிட்ட வந்ததில்லீங்க சிஸ்டர்."

குழம்பில் புளி

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தார் வரலாம். கீழ்புத்துப்பட்டிலிருந்து லட்சுமி, கணவர் ஏழுமலைக்கு மீன் குழம்பு கொண்டுவந்தார். இருவரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து பேசுவதைப் பார்த்து எனக்கு மனசு நிறைந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் லட்சுமி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"குடிச்சிட்டு வர்றப்போ எதைப் போட்டாலும் தின்னுட்டுப் படுத்துடுவாரு. இப்போ குழம்புல புளி தூக்கலா இருக்குதாம், பையனுக்கு ஏன் இப்படி முடி வெட்டினேன்றாரு, என் தம்பி ஏன் அடிக்கடி வீட்டுக்கு வர்றான்றாரு. தெளிஞ்சா இவ்ளோ பேசுவாருன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சிஸ்டர்!"

சாவு மேளம்

எங்கள் ஆட்களைச் சாவு வீட்டுக்கு அனுப்ப எனக்குப் பயம். மேளம் கேட்டால் கால் ஆடும். கால் ஆடினால் கை பாட்டிலைத் தேடும். ஆனால் தூக்கி வளர்த்த மாமா செத்துக் கிடக்கும்போது குமாரைப் போகாதே என்று எப்படிச் சொல்வது? எங்கள் சமையல்காரர் செல்வத்தைத் துணைக்கு அனுப்பினேன்.

பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார்கள். குமார் ஊதினார், சுத்தம். உடம்பெல்லாம் புழுதி, சட்டையில் சாமந்தி இதழ். "ஆடினீங்களா?" என்றேன். "மாமாவுக்கு நான் ஆடாம யாருங்க ஆடுறது?" என்று கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டார். செல்வம்தான் மிச்சத்தைச் சொன்னார்: "குடிச்சவனுங்கல்லாம் பாதி வழியிலேயே விழுந்துட்டானுங்க சிஸ்டர். இவன் ஒருத்தன்தான் சுடுகாடு வரைக்கும் நிக்காம ஆடினான். 'என்னா சரக்குப்பா இவன் போட்டது, எங்க கிடைக்குது'ன்னு ஊரே என்னைக் கேக்குது!"

பாண்டி பஸ்

மழை பிடித்துவிட்டால் உப்பளத்தில் வேலை கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும் நாள்தான் எங்களுக்கு ஆபத்து. அப்படி ஒரு மத்தியானம் உப்பளத் தொழிலாளி முருகையனைக் காணவில்லை. காலையில் மகளுக்குப் போன் செய்திருக்கிறார். குரலைக் கேட்டதுமே அவள் வைத்துவிட்டாளாம். குடையை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு ஓடினேன். பாண்டி பஸ்ஸில் ஏறிவிட்டால் கதை முடிந்தது. அங்கே இறங்குகிற இடமெல்லாம் சாராயக் கடை.

பஸ் ஸ்டாப்பில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "போகலையா?" என்றேன். "வர்ற பஸ்செல்லாம் ஒரே கூட்டம்ங்க சிஸ்டர்." நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த பஸ் வந்து நின்றது. கூடையோடு ஒரு அம்மா. மற்ற சீட்டெல்லாம் காலி. கண்டக்டர் "பாண்டி, பாண்டி" என்று எங்களைப் பார்த்தே கூவினார். முருகையன் தரையைப் பார்த்தார். பஸ் போன பிறகுதான் எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்: "இதுல நிக்கக்கூட இடமில்லீங்க. வாங்க சிஸ்டர், சோறு ஆறிடப்போவுது."

எல்லா விடுதிக்காரர்களும் 'மறுபடியும் வாங்க' என்றுதான் வழியனுப்புகிறார்கள். நான் மட்டும்தான் 'தயவுசெய்து இந்தப் பக்கமே வந்துடாதீங்க' என்று கும்பிட்டு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.