கயிற்றாலை வரலாற்றில் ஒரு வினைச்சொல்

சென்ற வாரம் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் நான்கு கம்பிகள் வாங்கினேன். கடைக்காரர் நீல நைலான் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். பழக்கம் விடவில்லை, முகர்ந்து பார்த்தேன். ஒரு மணமும் இல்லை. எங்கள் ஆலைக் கயிறு அப்படியன்று. நாரும் எண்ணெயும் கலந்த அதன் வாடை சட்டையில் ஏறிவிட்டால், திருவொற்றியூர்ப் பேருந்தில் என் பக்கத்தில் அமர்ந்தவர் எழுந்து நின்றுகொள்வார். என்மீதுள்ள மதிப்பினால் என்றே நெடுநாள் நம்பியிருந்தேன்.

கப்பல்களுக்கு வடம் செய்த அந்த ஆலையில் நான் எழுத்தர். ஆறு மாதத் தகுதிகாண் பருவம் முடியவில்லை. அதற்குள் வெள்ளிவிழா வந்தது. முதலாளி தூத்துக்குடிக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி.

"தம்பி, கம்பெனி வரலாற நீதான் எழுதி வாசிக்கணும். நல்லாருந்தா வேலை நிரந்தரம். இல்லன்னா ஊரப் பாத்துப் போயிரு" என்றார்.

மூன்று நாள் எழுதினேன். 'உற்பத்தி' வடசொல் என்று விலக்கி, தூய வினையொன்றைத் தேடியெடுத்தேன். விழாவன்று மேடையேறிக் குரலை உயர்த்தினேன்:

"இருபத்தைந்து ஆண்டுகளாக இடையறாது கயிறு திரித்து வருகிறோம். கயிறு திரிப்பதில் நம் முதலாளிக்கு நிகர் இக்கடற்கரையில் எவருமிலர்."

கொட்டகை அதிர்ந்தது. ஊர்வழக்கில் அதற்குப் பொய் அளப்பது என்றும் பொருளுண்டு என்பது, இலக்கணம் கற்ற எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அண்ணாச்சி மட்டும் சிரிக்கவில்லை. "ஏலே, யாரச் சொல்லுத?"

என்னைக் காப்பாற்ற எழுந்தார் கன்னியம்மா. காசிமேட்டு மீனவர் வீட்டுப் பெண். ஆலையில் நாரை முறுக்கும் பொறி ஓட்டுபவர்.

"அவர இன்னாத்துக்கு மொறைக்கிறே அண்ணாச்சி? கேண்டீனுக்கு ஃபேன் மாட்றேன், ஃபேன் மாட்றேன்னு மூணு வர்சமா சொல்லிகினு கீறியே, அத்தத்தான் நைனா படிச்சாரு. கரீட்டாத்தான் எய்திகீறாரு!"

"சும்மா குந்து கன்னிம்மா, அவரு வேல பூடும்" என்றான் பின்வரிசையில் ஒருவன்.

"பூட்டா இன்னா? நம்ம போட்டுக்கு வரட்டும். மீனுக்குத் தமிழ் சொல்லித் தரட்டும்!"

மறுநாள் விலகற்கடிதத்தோடு அண்ணாச்சியின் அறைக்குப் போனேன். இருமுறை படித்தார்.

"நாலு வரில ஒரு வரிகூட வெளங்கல. வெளங்காதத எப்படில ஏத்துக்கிட?" தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் 'நிரந்தரம்' என்றெழுதிக் கையொப்பமிட்டார். "இனிமே நீ விலைப்பட்டியல் மட்டும் எழுது. அதுல வினைச்சொல் கெடையாது. போறப்ப, ஃபேன எங்க மாட்டணும்னு அந்தப் பொம்பளகிட்ட கேட்டுட்டுப் போ."

ஆலை இருந்த இடத்தில் இப்போது சரக்குப் பெட்டகங்களை அடுக்கியிருக்கிறார்கள். அண்ணாச்சி இல்லை. கன்னியம்மா மகளோடு எண்ணூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. இவ்வளவு பாடுபட்டு நான் பெற்ற அந்த 'நிரந்தரம்' நான்கே ஆண்டில் கதவடைத்தது.