ஓநாயா, நாயா

உண்மையைக் கண்டு சொல்பவர், அந்த உண்மையால் விளைவதற்கும் பொறுப்பேற்க வேண்டுமா? யெல்கா தோஷென் உயிரோடிருந்தவரை யாரும் அவரிடம் இதை இப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும், எழுதுவதோடு என் வேலை முடிந்தது என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அவர் வாழ்ந்ததைப் பார்த்தால் பல வருடம் அதுதான் பதிலாகவும் இருந்தது.

லிக்கா மலைப்பகுதியில் எங்கள் கோசினா கிராமத்துக்கு அடுத்த டவுனில், கால்நடை மருத்துவரிடம் உதவியாளராக இருந்தார். தொண்ணூறுகளில் போர் முடியும் தறுவாயில் ஓநாயைக் கொல்லக் கூடாது என்று சட்டம் வந்தது. செத்த ஆட்டைப் பார்த்துக் கொன்றது எது என்று எழுதித் தர, ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு மதிப்பீட்டாளரைப் பழக்கினார்கள். எங்கள் பகுதிக்கு யெல்கா. ஓநாய் என்று எழுதினால் அரசு ஈடு தரும். நாய் என்று எழுதினால் நாயின் சொந்தக்காரர் தர வேண்டும்.

முதலில் கழுத்துத் தோலை உரிப்பார். அடியில் இரத்தம் கட்டியிருந்தால் கடிபட்டபோது ஆட்டுக்கு உயிர் இருந்தது என்று பொருள். கட்டவில்லை என்றால், தானாகச் செத்த ஆட்டை எதுவோ பிறகு வந்து கடித்திருக்கிறது. பிறகு கோரைப்பல் பதிந்த குழிகளுக்கு இடையே அளவெடுப்பார். ஓநாய் பெரும்பாலும் தொண்டையை ஒரே பிடியாகப் பிடிக்கும், பிறகு தின்னும். நாய் காது, தொடை, வால் என்று அகப்பட்டதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு, தின்னாமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளும்.

யெல்காவைப் பிடித்திருந்தது என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் குறைவு. சோதனை முடியும்வரை யார் வீட்டிலும் காபி குடிக்கமாட்டார். முடிந்த பிறகு கொடுக்க யாருக்கும் மனம் வராது. தன் ஞானத்தந்தையின் ஆடுகள் வயிறு உப்பிச் செத்தபோது, அதையே எழுதினார்; ஈடு கிடைக்கவில்லை. கிழவர் சாகும்வரை அவரோடு பேசவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் ஊர்ப் பக்கம் நின்றார். குளிர்காலத்தில் எங்கள் பெரியவர்கள் ஓநாயின் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள். சொன்னால் வரும். படிவத்தின் முதல் கேள்வியோ, நீங்கள் சந்தேகிப்பது எதை என்பது. “அவன்தான்” என்பார்கள். யெல்கா சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்பினார். இந்த ஆள் மீது போலீசில் புகார் கொடுத்தாகிவிட்டதா என்று கேட்டு, தலைநகர் சாக்ரெபிலிருந்த அலுவலகம் படிவத்தைத் திருப்பி அனுப்பியது.

இரண்டாயிரத்தெட்டு இலையுதிர்காலத்தில் சாக்ரெபிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். இளைஞர், மென்மையாகப் பேசுபவர். பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டார்கள். அரசே ஓநாய்களை லாரியில் கொண்டுவந்து காட்டில் இறக்கிவிட்டது என்பது ஊரில் பேச்சு. நூற்று நாற்பது ஆடு வைத்திருந்த ஸ்திபே பில்யான் முன்வரிசையில் உட்கார்ந்து, தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

“எத்தனை இறக்கிவிட்டீங்க? அதை மட்டும் சொல்லுங்க.”

“யாரும் இறக்கல, ஐயா. போர்ல ஊருங்க காலியாச்சு, காடு வளர்ந்துச்சு, அதுங்களாவே வந்துடுச்சு.”

“அதுங்களா வந்ததுக்குக் கழுத்துல பட்டை எப்படி? பஸ் டிக்கெட்டா?”

சிரிப்பு எழுந்தது. எங்கே போகிறது என்று பார்க்க, பிடித்து ரேடியோப் பட்டை கட்டி விடுகிறோம் என்றார் அதிகாரி.

“என் ஆட்டுக்கு எவனும் பட்டை கட்டல. அது எங்க போகுதுன்னு எனக்கே தெரியும். அவன் வயித்துக்கு.” பிறகு யெல்கா பக்கம் திரும்பினார். “டாக்டரம்மா, உனக்குத் தெரியாதா? மயக்க ஊசி போட்டு லாரியில ஏத்தினது நீதானாமே.”

“என்கிட்ட இருக்கற மயக்க மருந்து உன் வாய்க்கே பத்தாது, ஸ்திபே. லாரி அளவுக்கு எங்க போறது?” என்றார் யெல்கா.

கூட்டத்தின் முடிவில் அதிகாரி ஒன்று சொன்னார். ஒரே ஊரில் மூன்று தாக்குதல் உறுதியானால், அந்த வருடம் ஓர் ஓநாயைச் சுட அனுமதி கிடைக்கும். நவம்பர் முடிவதற்குள் உறுதியாக வேண்டும். அதற்குப் பிறகு சட்டென்று எங்கள் ஊரில் எல்லோரும் பொறுமைசாலிகளாகிவிட்டார்கள். அக்டோபரில் ஸ்திபேயின் மந்தையில் இரண்டு தடவை ஆடு செத்தது. இரண்டுக்கும் யெல்கா ஓநாய் என்று எழுதினார். ஸ்திபேயின் மனைவி வாழ்வில் முதல்முறையாக அவருக்குக் காபி கொடுத்தாள்.

நவம்பர் இருபதாம் தேதி காலை மூன்றாவது அழைப்பு வந்தது. நான்கு ஆடுகள். யெல்கா வந்து சேர்ந்தபோது பாதி ஊர் வேலியோரம் நின்றது. வேட்டைக்காரர் சங்கத் தலைவர் தோளில் துப்பாக்கியோடு வந்திருந்தார். யெல்காவின் தம்பி யோசோவும் அங்கே இருந்தான். குடலிறக்க அறுவை முடிந்து முந்தின நாள்தான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்தான். ஒரு கையால் அடிவயிற்றைப் பிடித்தபடி, எல்லோரையும்விடத் தள்ளி நின்றான்.

யெல்கா மண்டியிட்டு முதல் ஆட்டின் கழுத்தைத் திறந்தார். பிறகு தொடையை. பிறகு அடுத்த ஆடு. நான்கையும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. காதுகள் கிழிந்திருந்தன, வால் அறுந்திருந்தது, ஒரு வாய் இறைச்சிகூடத் தின்னப்படவில்லை. ஆழமாகப் பதிந்த எந்தக் கடியிலும் மேல் இடப்பக்கக் கோரைப்பல்லின் குழி இல்லை.

அந்தப் பல்லை யெல்காவே பிடுங்கியிருந்தார். இரண்டு வருடத்துக்கு முன், யோசோவின் காவல் நாய் காரோவ் ஓர் ஓநாயோடு சண்டை போட்டுப் பல்லை உடைத்துக்கொண்டு வந்தபோது.

“என்ன டாக்டரம்மா, அவனோட கையெழுத்துதானே?” என்றார் ஸ்திபே.

“கை கழுவிட்டு வரேன்.”

தண்ணீர்த் தொட்டிக்கு யோசோ பின்னாலேயே போனான். அங்கே அவர்கள் பேசியதை, தொட்டிக்கு அந்தப் பக்கம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த நான் கேட்டேன்.

“அக்கா, அவன்னே எழுதிடு.”

“காரோவ் எத்தனை நாளா வெளிய சுத்தறான்?”

“எனக்கெப்படித் தெரியும்? நான் ஆஸ்பத்திரியில கிடந்தேன்.”

“யாரைப் பாத்துக்கச் சொன்ன?”

“உன்னத்தான் கேட்டேன். டவுன்லேர்ந்து தினம் வர முடியாதுன்னு சொல்லிட்ட.”

யெல்கா கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தார். இரத்தம் எப்போதோ போய்விட்டிருந்தது.

“பாரு,” என்றான் யோசோ. “ஸ்திபேக்கு ஆட்டுக்கு ஈடு கிடைக்கும். ஊருக்கு ஒரு தோல் கிடைக்கும். எனக்கு என் நாய்ங்க மிஞ்சும். இதுல யாருக்கு நட்டம்?”

“சாகப்போற ஓநாய்க்கு.”

“அது ஓட்டா போடுது? எத்தனை வருஷமா தின்னுது, ஒரு தடவை பழி சுமக்கட்டுமே.”

அவன் சொன்னது அபத்தம் என்று என்னால் அன்றும் நினைக்க முடியவில்லை. வசந்தகாலத்திலேயே, நாயை அவிழ்த்து விட்டதற்காக அவனுக்கு எச்சரிக்கை வந்திருந்தது. இரண்டாம் முறை என்றால் முற்றத்திலுள்ள நான்கு நாய்களையும் பிடித்துக்கொண்டு போவார்கள். அவன் பட்டிதான் ஊரின் கடைசி. அதற்கு அப்பால் போர்க்காலக் கண்ணிவெடிக்கான எச்சரிக்கைப் பலகை, பிறகு காடு. நாய் இல்லாமல் அவனுடைய தொண்ணூறு ஆடுகள் ஒரு குளிர்காலம் தாங்காது. ஆடு போனால் அவனுக்கு வேறு பிழைப்பும் இல்லை.

யெல்கா திரும்பி வந்து, வண்டியின் முன்பக்கத்தில் படிவத்தை விரித்தார். ஸ்திபே தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். இரத்தக்கட்டு, பல் அளவு, கிழிந்த இடங்கள் என்று யெல்கா வரிசையாக எழுதினார். எதையும் விடவில்லை. கொன்ற விலங்கு என்ற இடத்தில் நாய் என்று எழுதினார்.

“நாயா?” ஸ்திபே கத்தினார். “ரெண்டு மாசமா இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தமா? அந்த சாக்ரெப்காரன் உனக்கு என்ன குடுத்தான்? சொல்லு, நாங்களும் சேர்ந்து தரோம்!”

சங்கத் தலைவர் துப்பாக்கியைத் தோள் மாற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் தன் வண்டிக்கு நடந்தார். வேலியோரம் யாரோ காறித் துப்பினார்கள். யோசோ தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சரி, நாய்,” என்றார் ஸ்திபே. “யார் நாய்? அதையும் எழுது. எனக்கும் கண்ணு இருக்கு, யெல்கா. எழுது பாக்கலாம்.”

யெல்கா எழுதினார். ஸ்திபே குனிந்து படித்தார். மறுபடி படித்தார்.

“உன் பேரா? உங்கிட்ட ஒரு பூனை மட்டும்தானே இருக்கு!”

“கீழ கையெழுத்துப் போடு. குளிருது.”

ஸ்திபே யோசோவைப் பார்த்தார், யெல்காவைப் பார்த்தார். கடைசியில் போட்டார். யார் தந்தால் என்ன, ஆட்டுக்கு ஆடு வந்தால் சரி என்று நினைத்திருக்கலாம்.

அன்று பிற்பகலே காரோவைக் கொல்லும் ஊசியைப் போட்டதும் யெல்காதான். நாயை அவிழ்த்து விட்டவர் மதிப்பீட்டாளராக இருக்க முடியாது என்று, கிறிஸ்துமஸுக்கு முன் அவரை அந்தப் பொறுப்பிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுடும் அனுமதி கிடைக்கவில்லை. அந்தக் குளிர்காலத்தில் ஓநாய்கள் ஸ்திபேயின் பட்டியில் ஏழு ஆடுகளைத் தின்றன. தூரத்திலிருந்து வந்த புதிய மதிப்பீட்டாளர் அதில் மூன்றை மட்டும் ஓநாய் கொன்றது என்று ஒப்புக்கொண்டார். யோசோவின் மற்ற மூன்று நாய்களும் அவன் பட்டியைக் காத்தன.

இதை நல்ல செயல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. ஒரே தாளில் ஒரு வரி உண்மை, அடுத்த வரி பொய். பாசம் என்றார்கள் சிலர். நாய்களைப் பார்த்துக்கொள்ள வர மறுத்ததற்கான தண்டனை என்றார்கள் சிலர். ஊரைப் பழிவாங்கினாள் என்று ஸ்திபே கடைசிவரை சொன்னார். பல வருடம் கழித்து, ஈஸ்டர் சாப்பாட்டு மேசையில் ஏன் உன் பெயரை எழுதினாய் என்று யோசோவே நேராகக் கேட்டிருக்கிறான். யெல்கா உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னாராம்.