இந்த மழை எங்கே பெய்தது?

சித்ராவைப் பற்றி நல்லபடியாக நாலு வரி எழுதித் தரச் சொல்லி எங்கள் கல்லூரியிலிருந்து கேட்டார்கள். பழைய மாணவர் மலருக்காம். "தோட்டத்தில் பிறந்து சாதித்த பெண்" என்று தலைப்பையும் அவர்களே அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சரியாகக் கணக்குப் போட்டதற்காக அவளுக்கு இரண்டு மார்க் குறைத்த கல்லூரி அது. இதை அந்த மலரில் போடமாட்டார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

சித்ரா இப்போது குமுளியில் இருக்கிறாள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மாடியில் ஓர் அறை. ஏலக்காய் உலர்த்தும் அறைகளில் சூடு ஏறாமல் இறங்காமல் பார்த்துக்கொள்ளும் பெட்டிகளும் அவற்றுக்கான புரோகிராமும் செய்து தருகிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. அதற்கான காரணமும் இதில் வரும்.

நாங்கள் இருவரும் பாலக்காட்டுக்குக் கிழக்கே ஒரு பொறியியல் கல்லூரியில் ஒரே ஹாஸ்டல் அறை. நான் செல்வப்பிரியா. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீடு எனக்கு. அவள் இடுக்கியில் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வந்தவள். அம்மா சாந்தம்மாள் கொழுந்து பறிக்கிறவர். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக்கொண்ட வீடுகள். ஆளுக்கு ஓர் அறை, ஓர் அடுப்படி. வேலையில் இருக்கும்வரைதான் அந்த வீடு. வேலையை விட்டால் சாமானைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அதனால் மேலே மலை பிளந்து நின்றாலும் அதன் கீழேதான் படுக்க வேண்டும்.

முதல் வருடம் புரோகிராம் லேபில் ஐந்து படிகள் கொண்ட ஒரு முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்தப் பொறியியல் சிக்கல் வந்தாலும் உடனே கம்ப்யூட்டரில் கை வைக்கக் கூடாது. முதலில் சிக்கலை ஒரே வாக்கியத்தில் எழுது. உள்ளே எது போகிறது, வெளியே எது வரவேண்டும் என்று எழுது. அப்புறம் நிஜமான எண்களை வைத்து ஒரு கணக்கைக் கையால் போடு. அதற்கு மேல்தான் வழிமுறை, புரோகிராம் எல்லாம். கடைசியில் வந்த விடையைக் கைக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார். அழகான முறை. யாருக்கும் வேலை வைக்காமல் எங்கள் கல்லூரி அதைக் கொன்றது.

நாங்கள் செய்தது இதுதான். சீனியரின் ரெக்கார்டு நோட்டை வாங்கி வருவோம். புரோகிராமைப் பார்த்து அடிப்போம். விடை வரும். அந்த விடையை மூன்றாவது படியில் "கைக்கணக்கு" என்று எழுதிவிட்டு, ஐந்தாவது படியில் இரண்டும் ஒத்துப்போகின்றன என்று எழுதுவோம். ஒத்துப்போகாமல் எங்கே போகும்? அந்த சீனியருக்கும் ஒரு சீனியர் இருந்தார். எத்தனை வருடமாக நடந்த கூத்தோ.

ஒரு தண்ணீர்த் தொட்டிக் கணக்கு. ஒரு மீட்டர் ஆரம், இரண்டு மீட்டர் உயரம், எத்தனை லிட்டர் பிடிக்கும்? எல்லாருடைய நோட்டிலும் 628. சித்ரா மட்டும் 6283 என்று எழுதியிருந்தாள். ஆயிரத்தால் பெருக்க வேண்டிய இடத்தில் என்றைக்கோ ஒரு புண்ணியவான் நூறால் பெருக்கிவிட்டார். புரோகிராமும் கைக்கணக்கும் சேர்ந்தே தப்பாகி, சேர்ந்தே வருடா வருடம் பாஸாகி வந்திருக்கின்றன. லேப் சார் அவள் நோட்டில் சிவப்பு மையால் சுழித்து இரண்டு மார்க் குறைத்தார். அறுபது பேருக்கு ஒரு விடை, உனக்கு மட்டும் தனி விடையா என்று கேட்டார். மொட்டை மாடியில் கிட்டத்தட்ட அதே அளவில் ஒரு தொட்டி இருக்கிறது, அதில் நாற்பது குடம்தான் பிடிக்கும் என்றால் காலையில் ஹாஸ்டலில் பாதிப் பேர் குளிக்க முடியாது என்று அவள் சொன்னாள். எதிர்த்துப் பேசியதற்கு இன்னொரு மார்க் போனது.

சித்ராவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. பேனாவை மூடி மேஜையில் வைத்துவிடுவாள். அன்றைக்கு அப்படித்தான் வைத்தாள். எனக்கு அந்தக் கணக்குக்குப் பத்துக்குப் பத்து. அந்த முறையை அவள் கற்றுக்கொண்டது அந்தச் சிவப்புச் சுழியில்தான். நான் அந்தப் பத்துக்குப் பத்தில் அதைத் தொலைத்தேன்.

படிப்பு முடிந்து இருவரும் பாலக்காட்டில் ஒரே கம்பெனியில் சேர்ந்தோம். முதலாளி மோகனசுந்தரம், எங்கள் ஊர்ப் பக்கத்து ஆள். தோட்டத்து மோட்டார்களைத் தானாக ஓட்டி நிறுத்தும் பெட்டிகள் செய்தோம். சில வருடம் கழித்து ஒரு அரசு அலுவலகத்திலிருந்து புது வேலை வந்தது. மலைச்சரிவில் மழைமானி வைக்க வேண்டும். எந்த இருபத்துநாலு மணி நேரத்திலும் நூற்றைம்பது மில்லிமீட்டரைத் தாண்டினால் சைரன் அலற வேண்டும். சனம் லயத்தை விட்டு மேட்டிலுள்ள பள்ளிக்கூடத்துக்கு ஏற வேண்டும். இடம், சித்ராவின் தோட்டம். சைரன் கம்பம், அவள் அம்மாவின் வீட்டுக்கு நேர் மேலே.

அலுவலகம் அதே ஐந்து படிகளைப் படிவமாக அனுப்பியிருந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கையெழுத்து. பெட்டியும் கம்பமும் சித்ராவின் பொறுப்பு. புரோகிராம் எழுதியது நான். மூன்றாவது படியில் என்ன செய்தேன்? கல்லூரியில் செய்ததைத்தான். காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை 160 மில்லிமீட்டர் மழை, சைரன் அடிக்க வேண்டும் என்று எழுதினேன். புரோகிராமுக்கு அதையே கொடுத்தேன். அடித்தது. கையெழுத்துப் போட்டேன்.

படிவத்தைப் படித்துவிட்டு சித்ரா என்னிடம் வந்தாள்.

"இந்த மழை எங்கடி பேஞ்சது?"

நானாகத்தான் எழுதினேன் என்றேன். அவள் பேனாவை மூடி வைத்தாள்.

தோட்டத்து ஆபீசில் மழை நோட்டு ஒன்று உண்டு. தினமும் காலை எட்டரைக்கு அளந்து, அதுவரை பெய்ததை ஒரு நாள் கணக்காக எழுதுவார்கள். ஆபீஸ்காரர் முனீஸ்வரனைப் பிடித்துப் பக்கங்களைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாள். முந்தின ஆகஸ்டில் ஒரு நாள் 92. மறுநாள் வரியில் 88. தனித்தனியாகப் பார்த்தால் பெரிய மழையாகத் தெரியாது. அம்மாவுக்குப் போன் போட்டாள். அது இரண்டு மழை இல்லை, விடியலில் பிடித்து மத்தியானம்வரை விடாமல் அடித்த ஒரே மழை, லயத்துக் கோடி வீட்டின் சுவர் விழுந்த மழை என்றார் சாந்தம்மாள். மொத்தம் 180.

என் புரோகிராமும் எட்டரைக்கு அன்றைய மழையை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு, எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கி மறுபடி தொடங்கும். சைரனையும் நான் அதே எண்ணிக்கையில் கட்டி வைத்திருந்தேன். அந்த ஆகஸ்டு மழையை அதற்குக் கொடுத்தால் 92 வரை ஏறும், எட்டரைக்கு அழிந்துவிடும், மறுபடி 88 வரை ஏறும். சைரன் வாயே திறக்காது. கீழே நாற்பத்தொரு வீடுகள்.

மோகனசுந்தரத்திடம் போனோம். அடிப்படையில் நல்ல மனிதர் என்று சொல்லிவிட்டுத் திட்டுவதுதான் வழக்கம். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. திருத்தினால் படிவத்தை மறுபடி அனுப்ப வேண்டும், தொடக்க விழா ஒரு மாதம் தள்ளிப்போகும் என்பதுதான் அவர் கவலை.

"எட்டரைக்குன்னு பாத்துத்தான் மழை வருமாக்கு? விழா முடியட்டும், பொறவு மாத்திக்கலாம் சாமி," என்றார்.

மழை தொடங்க மூன்று வாரம்தான் இருந்தது. சித்ரா என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். இதை எழுதும்போதும் என்னை நாலு அறை விடலாம் போலிருக்கிறது.

விழாவைக் காலையில் பெரட்டுக் களத்திலேயே வைத்தார்கள். வேலைக்குப் போகும் முன் ஆள் கணக்கெடுக்கும் இடம் அது. கைதட்டக் கூட்டம் வேண்டுமே. வெயில் பளிச்சென்று அடித்தது. எட்டு மணிக்கு சித்ரா மழைமானியின் வேலிக்கதவைத் திறந்து, மூடியில் ஊசித்துளை போட்ட ஒரு பெரிய தண்ணீர்ப் புட்டியை அதன் வாய்க்கு மேல் கவிழ்த்துக் கட்டினாள். கழுவுகிறாள் என்று நினைத்துக்கொண்டார் முதலாளி.

எட்டரைக்கு அரசு அலுவலகத்து அதிகாரி ஜிபி பொத்தானை அழுத்த, சைரன் அலறியது. எல்லாரும் கைதட்டினார்கள். அதே நேரம் அவருடைய போன் கிணுகிணுத்தது. எடுத்துப் பார்த்தார். இன்றைய மழை 92 மில்லிமீட்டர் என்று வந்திருந்தது. மனிதர் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார். பெண்கள் சிரித்தார்கள். மோகனசுந்தரம் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார். மலை மக்களின் உயிரைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். அந்த அரை மணியில் சித்ரா இரண்டாவது புட்டியையும் கட்டிக் காலியாக்கியிருந்தாள்.

பேச்சு ஓய்ந்ததும் அவள் ஜிபியிடம் போய்ப் பெட்டியின் எண்ணைப் பார்க்கச் சொன்னாள்.

"ரெண்டு புட்டியும் அளந்து ஊத்துனது சார். போன ஆகஸ்ட்ல இங்க பேஞ்ச அதே மழை, நூத்தி எம்பது. பெட்டி எம்பத்தெட்டுங்குது. சைரன் அடிக்கல. பொத்தானை அழுத்த மழைக்குக் கை இருக்கா?"

ஜிபி இரண்டு புட்டிகளையும் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பிறகு படிவத்தைக் கொண்டுவரச் சொல்லி மூன்றாவது படியைப் புரட்டி, இந்தக் கைக்கணக்கைப் போட்டது யார் என்று மலையாளத்தில் கேட்டார். சித்ரா என் பெயரைச் சொல்லவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. நான்தான் என்று நானே சொன்னேன். அதை வீரம் என்று யாரும் நினைக்க வேண்டாம். கையெழுத்து என்னுடையது, எப்படியும் தெரிந்திருக்கும்.

ஜிபி ஏற்புக் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். மோகனசுந்தரம் சித்ராவை அங்கேயே வேலையை விட்டு நிறுத்தினார். என்னை நிறுத்தவில்லை, அதுதான் அவருடைய நியாயம். வேலை போன பிறகும் அவள் அந்தப் பெட்டியை அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. பெரட்டு ஆபீஸ் தரையில் உட்கார்ந்து, மழை நோட்டையும் ஒரு வெள்ளைத்தாளையும் என் முன்னால் தள்ளினாள்.

"நீ போடு. நான் பாக்குறேன்," என்றாள்.

சாந்தம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கல்லூரி நாளில் அவர் வீட்டில் ஒரு பொங்கலுக்கு மூன்று நாள் தங்கியிருக்கிறேன். அவருடைய ஒரே கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டுத் தரையில் படுத்தவர். நான் ஏதோ மன்னிப்புப் போல ஆரம்பித்தேன், கணக்குத் தப்பாகிவிட்டது அம்மா என்றேன்.

"தப்பாப் போட்டிருந்தாப் பரவாயில்ல தாயி," என்றார். "நீ போடவே இல்லையே."

அதற்கு மேல் நிற்காமல் கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். நான் குனிந்து, எட்டரைக்கு முன்னால், எட்டரைக்குப் பின்னால் என்று கோடு கிழித்து, நோட்டில் இருந்த மழையை மணிவாரியாகப் பிரித்து எழுதிக் கூட்டினேன். எந்த இடத்தில் சைரன் அடித்திருக்க வேண்டும், எங்கே அடிக்காமல் போகும் என்று தாளிலேயே தெரிந்தது. சித்ரா வாங்கிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தாள். சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். மொத்தக் கணக்குக்கும் பதினொரு நிமிடம்தான் ஆகியிருந்தது.