துடைத்த திராட்சை ஐந்து கிரேட்

1. அண்ணாந்த கழுத்து

திராட்சைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கிடைத்த முதல் உத்தரவு, "தலையத் தூக்குடா" என்பது. அதுவரை எல்லாரும் என்னைத் தலைகுனியத்தான் சொல்லியிருந்தார்கள். ஆகவே சந்தோஷமாகத் தூக்கினேன். சாயங்காலம்வரை இறக்கவே விடவில்லை.

கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை பந்தலில் படர்வது. கொத்துகள் தலைக்கு மேலே தொங்கும். அண்ணாந்து பார்த்து, காம்பைப் பிடித்து, கத்திரியால் நறுக்கி, பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்க வேண்டும். அறுவடை செட்டில் பதினொரு பெண்கள், அவர்களுக்குத் தலைவி செல்லம் அக்கா. பன்னிரண்டாவது ஆளாக நான். கத்திரியை என்னிடம் நம்பித் தரவில்லை. நிறைந்த கிரேட்டைத் தூக்கும் வேலைதான். தூக்கினாலும் மேலே பார்க்காவிட்டால் கொத்து நெற்றியில் இடிக்கும்.

நான் அங்கே போனதற்குக் காரணம் என் வாய். பி.காம். கடைசி வருடம். உத்தமபாளையத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த என் அத்தா, பீஸ் கட்ட அம்மாவின் செயினை அடகு வைக்கப் போவதாகச் சொன்னார். "வேணாம். ஒங்ககிட்ட இனிமே ஒரு பைசா வாங்க மாட்டேன். நானே கட்டிக்கிறேன்" என்றேன். மறுப்பார், நான் பிடிவாதம் பிடிப்பேன், அம்மா அழுவார், கடைசியில் பெரிய மனதோடு வாங்கிக்கொள்வேன் என்று முழுக்காட்சியும் மனதில் தயாராக இருந்தது.

அத்தா டியூபைத் தண்ணீரில் முக்கியபடியே, "சரி" என்றார். அவ்வளவுதான் காட்சி.

விடிந்ததும் தோட்டம், பத்து மணிக்குக் கல்லூரி, சனி ஞாயிறு முழுநாள். இரண்டு மாதத்தில் என் கழுத்து மேல்நோக்கியே செட் ஆகிவிட்டது. வகுப்பில் பேராசிரியர், "என்னப்பா, மேல ஃபேன் ஓடுதான்னு செக் பண்றியா?" என்பார். எனக்குத் தலைக்கனம் ஏறிவிட்டதாகத் தோழர்கள் பேசிக்கொண்டார்கள். உண்மையில் தலை இறங்கவில்லை, அதுதான் பிரச்சினை.

2. பதவி உயர்வு

பீஸ் கட்டக் கடைசி நாள் ஒரு திங்கட்கிழமை. கட்டாவிட்டால் ஹால் டிக்கெட் இல்லை. ஹால் டிக்கெட் இல்லாவிட்டால் மூன்று வருடமும் வீண். அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை கணக்குப் பார்த்தேன். சரியாக ஒரு வாரக் கூலிதான் குறைந்தது. அன்று சாயங்காலம் அதுவும் வந்துவிடும்.

அன்றைக்குப் பார்த்து பேக்கிங்கில் ஒரு ஆள் வரவில்லை. செல்லம் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"ஏலே காலேஜு, இங்கன வா. அழுகுனதப் பொறுக்கிப் போட்டுட்டு அடுக்கு. கொத்தக் காம்புலதேன் பிடிக்கணும், ஆமா. நான் அங்கன போய் எடை பாத்துட்டு வாரேன்."

பதவி உயர்வு! படித்தவனின் வேலை எப்படி இருக்கும் என்று காட்ட முடிவு செய்தேன். ஒவ்வொரு பழத்தின் மேலும் வெள்ளையாக மாவு மாதிரி ஏதோ படிந்திருந்தது. தூசி அல்லது மருந்து என்று நினைத்தேன். இத்தனை நாளாக யாருமே துடைக்கவில்லையே என்று அவர்களுக்காக வருத்தப்பட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்து, ஒவ்வொரு பழமாகத் துடைத்தேன். ஐந்து கிரேட். கருகருவென்று மின்னின. ஒரு பழத்தில் என் முகம்கூடத் தெரிந்தது.

திரும்பி வந்த செல்லம் அக்கா கிரேட்டையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார்.

"அடப்பாவி. என்னடா பண்ணித் தொலச்ச?"

"சுத்தம் பண்ணேன்க்கா."

"அந்த மாவுதேன்டா பழத்துக்கு உசுரு! அது இருந்தாத்தேன் வாடாம லாரியில போகும். கை பட்ட பழத்த எவன் வாங்குவான்?"

சுற்றியிருந்த பெண்களில் ஒருவர், "விடுக்கா, மொகத்துக்குப் பவுடர் போட்டாலும் தொடச்சு விட்டுருவான் போல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எடை மெஷின்காரரும் சேர்ந்துகொண்டார்.

குமுளியிலிருந்து வந்திருந்த வியாபாரி ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தார். "எந்தா செல்லம், இது பழமோ, பாலிஷ் போட்ட ஷூவோ? நமக்கு வேண்டா."

சாயங்காலம் கூலி கொடுக்கும்போது அக்கா எனக்கு மட்டும் கை விரித்தார். "மொதலாளி கோவமா இருக்காக. ஒனக்குக் கூலி கெடையாதுன்னு சொல்லிட்டாக. நான் பேசிப் பாத்தேன். கூலிக்குப் பதிலா அந்த அஞ்சையும் எடுத்துக்கச் சொன்னாக. வித்தா ஒன் காசு. விக்காட்டி தின்னு."

3. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம்

மறுநாள் காலை குமுளி ரோட்டோரம் ஐந்து கிரேட்டையும் இறக்கி உட்கார்ந்தேன். உள்ளூர்க்காரர்கள் நின்று பார்த்து, "என்னப்பா, நேத்துப் பழமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். வெளியூர்க் கார்கள்தான் காப்பாற்றின. "எவ்ளோ பளபளன்னு இருக்கு பாருங்க" என்று ஒரு அம்மா மூன்று கிலோ வாங்கினார். மாவைப் பற்றி அவருக்கும் தெரியவில்லை. எங்கள் இருவரின் அறியாமையும் கைகுலுக்கிக்கொண்டது. மூன்று மணிக்குள் நான்கு கிரேட் காலி.

ஐந்தாவது அசையவில்லை. கார்கள் குறைந்தன. அந்தக் கிரேட் விற்றால்தான் பீஸ் முழுதாகும். கூவிக்கூவித் தொண்டை போனது. பொழுது சாயும் நேரத்தில் எஸ்டேட் ஜீப் ஒன்று வந்து நின்றது. டிரைவர் இறங்காமலே கேட்டார்.

"கடைசியாப்பா?"

"ஆமாண்ணே. ருசி பாருங்க..."

"ருசியெல்லாம் வேணாம். முழுசா ஏத்து."

சொன்ன விலையை அப்படியே கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் பக்கத்து ஜீப் டிரைவர் ஒருவர் பேரம் பேசாமல் வாங்கினார் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. என் வியாபாரத் திறமை என்றுதான் நினைத்தேன். பி.காம். ஆயிற்றே.

4. ரசீது

திங்கட்கிழமை பீஸ் கட்டி, ஹால் டிக்கெட்டையும் வாங்கி, ரசீதைச் சட்டைப்பையில் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அத்தா மதியச் சாப்பாடு முடித்து உட்கார்ந்திருந்தார். ரசீதை நீட்டினேன்.

"கட்டியாச்சு. ஒருத்தர்கிட்டயும் ஒரு பைசா வாங்கல."

"அப்படியா" என்று அத்தா ஒரு திராட்சையை வாயில் போட்டார்.

அப்போதுதான் தட்டைப் பார்த்தேன். கருகருவென்று, மாவே இல்லாத பழம். கம்பம் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் அப்படித் துடைத்த பழம் ஒரே ஒருவன் கையிலிருந்துதான் வந்திருக்க முடியும். அடுப்படி வாசலில் கிரேட் இருந்தது. அம்மா முந்தானையால் வாயை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் கழுத்தில் செயின் அப்படியே இருந்தது. அந்த ஜீப்புக்குப் பஞ்சர் ஒட்டுவது யார் என்று நான் கேட்கவே இல்லை.

"அத்தா... இது..."

"நீ ஏங்கிட்ட வாங்கலப்பா. நான்தேன் ஒங்கிட்ட வாங்குனேன். ஞாயமான வெலதேன்." இன்னொரு பழத்தை எடுத்தார். "ஒரு கிரேட்டு மொத்தமா எடுத்தா ரெண்டு கொத்து சேத்துப் போட மாட்டியா? என்ன யாவாரம் பண்ற?"

இரண்டு மாதமாக இறங்க மறுத்த என் கழுத்து அன்றைக்குத்தான் இறங்கியது.

இன்றைக்கு நான் பழம் வெளியூருக்கு அனுப்பும் ஒரு கம்பெனியில் குவாலிட்டி சூப்பர்வைசர். புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்வது, துண்டை வெளியே வைத்துவிட்டு வா என்பதுதான். பலர் பகுதிநேர வேலை பார்த்துப் படிக்கிறவர்கள். அவர்களில் ஒருவர், "யாரையும் நம்பாம நானே படிக்கிறேன் சார்" என்று சொல்லும்போது நான் சிரிப்பதில்லை. உழைப்பது அவர்தான், சந்தேகமில்லை. ஆனால் கடைசிக் கிரேட்டை வாங்கியது யார் என்று மட்டும் ஒருமுறை வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளச் சொல்வேன்.