மூன்று கால் சுவிட்ச்

“தண்ணியில கம்பிய வுட்டு வெளையாடத்தான் ஒன்ன பாலிடெக்னிக்ல படிக்க வெக்கிறாங்களா, பாப்பா?”

கேட்டவர் அம்மா வேலை பார்க்கும் பீங்கான் பட்டறையின் மேஸ்திரி. அம்மா அங்கே பொம்மைகளில் அச்சுத் தடத்தைச் சீவி எடுப்பவள். மோட்டார் சுவிட்ச் அவள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது. தண்ணீர்த் தொட்டியோ சுவருக்குப் பின்னால். அது நிரம்பியது தெரியாமல் வழிந்து, கீழ்த்தட்டில் காய்ந்துகொண்டிருந்த பச்சைப் பொம்மைகள் எல்லாம் சேறாகிவிட்டன. சூளை காணாத பொம்மை தண்ணீரைத் தாங்காது. “இன்னொரு தபா வழிஞ்சா வேலைக்கே வர வேணாம்” என்றுவிட்டார் மேஸ்திரி.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அம்மாவின் வேலையைக் காப்பாற்றாத படிப்பு என்ன படிப்பு என்று எனக்கு ரோஷம்.

புளியங்கொட்டையில் பாதிகூட இல்லாத டிரான்சிஸ்டர் ஒன்றை எடுத்துக்கொண்டேன். அதற்கு மூன்று கால்கள். தொட்டியின் மேல்மட்டத்தில் நான் தொங்கவிட்ட இரண்டு கம்பிகளையும் தண்ணீர் தொட்டால், அதன் வழியாகத் துளி மின்சாரம் நடுக்காலுக்கு வரும். தொட்டி நிரம்பியதைக் கூவிச் சொல்ல வேண்டிய பஸ்ஸரை அந்தத் துளியால் முனகக்கூட வைக்க முடியாது. ஆனால் நடுக்காலுக்கு அது போதும். மற்ற இரண்டு கால்களுக்கு இடையே மூடியிருந்த வழி திறந்து, பேட்டரியின் மின்சாரம் பஸ்ஸருக்குப் பாயும். தண்ணீர் இறங்கினால் வழி மூடிக்கொள்ளும். உள்ளே அசைகிற பாகம் ஒன்றுமில்லை. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அது அலுக்கவில்லை.

விளக்கியதும் அம்மா சிரித்தாள். “அப்ப இது நம்ம மேஸ்திரி மாரிதான். லேசா கண்ணக் காட்டுனா போதும், மத்தவங்க ஓடணும்.”

தொட்டி நிரம்பியது, பஸ்ஸர் அலறியது, அம்மா மோட்டாரை நிறுத்தினாள். தண்ணீரைத் திறந்துவிட்டு மட்டம் கம்பிகளுக்குக் கீழே இறங்கிய பிறகும் அலறல் நிற்கவில்லை.

“ஒம் மிஷினுக்கு வாய மூடத் தெரியாதா?” என்றார் மேஸ்திரி.

கம்பிகளைத் துடைத்தேன். அப்போதும் கத்தியது. கம்பிகள் ஒன்றையொன்று தொடாமலிருக்க, பின்பக்கக் குவியலில் கிடந்த துளையுள்ள பீங்கான் துண்டு ஒன்றில் அவற்றைச் செருகியிருந்தேன். பீங்கானில் மின்சாரம் பாயாது என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த நம்பிக்கைதான் என்னைக் கவிழ்த்திருந்தது. அதே குவியலிலிருந்து இன்னொரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தேன். ஒட்டிக்கொண்டது. ஒருமுறை மட்டும் சுட்டு, மேல்பூச்சுக்குப் போகாத துண்டு, தண்ணீரைக் குடிக்கும். அந்த ஈரத்தில் கசிந்த மின்சாரமே நடுக்காலுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. எரிச்சலிலும் எனக்கு வியப்புதான்: எவ்வளவு கொஞ்சத்தில் விழித்துக்கொள்கிறது!

பளபளவென்று மேல்பூச்சு ஏறிய துண்டைத் தேடி மாற்றினேன். முக்கி எடுத்து உதறியதும் பஸ்ஸர் அடங்கியது.

மறுநாள் அது கூவியதும் அம்மா கத்தியைக் கீழே வைத்து மோட்டாரை நிறுத்தினாள். மேஸ்திரி பின்பக்கம் போய், காய்ந்த தரையைப் பார்த்துவிட்டு வந்தார்.

“நாளைக்கும் கூவுமா?”

“நீங்க கூவுறதுக்கு முன்னாடியே கூவும்ங்க” என்றாள் அம்மா. அவரே சிரித்துவிட்டார். வேலையை விட்டு நிறுத்தும் பேச்சு அதன் பிறகு வரவில்லை.

அம்மா கைவேலையை விட்டுவிட்டு மோட்டாரை நிறுத்த வேண்டியிருப்பதுதான் இப்போது என் குறை. மோட்டாரின் மின்சாரத்தை இந்தச் சின்ன உடம்பு தாங்காது. பெரிய மின்சாரத்தைத் துண்டிக்கிற ரிலே என்ற சுவிட்சை ஏவிவிட மட்டும் அதற்குத் தெம்பு உண்டு. ரிலேயைச் சேர்த்து சோல்டர் வைத்துவிட்டேன். வீட்டில் மோட்டாருக்குப் பதில் ஒரு பல்பை மாட்டி, வாளியில் தண்ணீர் ஊற்றினேன். தண்ணீர் கம்பியைத் தொட்டதும் பல்ப் அணைந்தது.